பூவாளியோடு நின்ற ஆபரேட்டர்

என் அண்ணிக்கு அரசாங்கக் காகிதத்தில் தோட்டப் பணியாளர் என்று பெயர். அந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். குடிநீர் நிலையத்தில் எஞ்சினியர் அறைக்கு முன்னால் வரிசையாகக் கொஞ்சம் பூந்தொட்டிகள், மதிலை ஒட்டி ஒரு வேலிச்செடி. அவ்வளவுதான். அந்தத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்த பணியிடம் அது. அதில்தான் என் அண்ணி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வதும் தப்பு. அவள் உட்கார்ந்திருந்தது பம்ப் ரூமில், மோட்டர் பேனலுக்கு முன்னால்.

நான் அவளுடைய நாத்தனார். அண்ணன் போன பிறகும் நான் அவளை விட்டுப் போகவில்லை. "போக இடம் இருந்தா போயிருப்பா" என்று அவள் கிண்டல் செய்வாள். நிலையத்தின் வளாகத்துக்குள்ளேயே ஊழியர் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறை. முன்னறையில் என் தையல் மெஷின். மெஷினுக்கு மேலே ஜன்னல். திறந்தால் எதிரே பம்ப் ரூம், இடது பக்கம் கேட். ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டே அந்த நிலையத்தில் நடக்கிற எல்லாக் கூத்தையும் பார்த்துவிடுவேன். சம்பளம் இல்லாத கண்காணிப்பாளர் என்று என்னைச் சொல்லலாம்.

அண்ணன் அங்கே பம்ப் ஆபரேட்டராக இருந்தவன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. குடும்பத்துக்கு ஒரு வேலை கொடுத்தார்கள், ஆனால் அவனுடைய வேலையை அல்ல. தோட்டப் பணியிடம்தான் காலியாக இருந்தது. "முதல்ல உள்ள வந்துடுங்கம்மா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்போதிருந்த எஞ்சினியர். அந்த அப்புறம் வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டார்.

அண்ணனுக்குப் பதிலாக வந்த ஆபரேட்டரை எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். பெண் கொடுத்த வீட்டுக்கு வருகிற மாதிரி வருவான், சாப்பிடுவான், தூங்குவான், போவான். மீதி நேரம் போனில் வீட்டுமனை விற்பான். ஆள் நல்லவன்தான், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டான். ஆனால் மோட்டரைக் கண்டால் அவனுக்குப் பயம். பயம் என்று அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்; "எனக்கு அந்தச் சத்தம் ஒத்துக்காது தங்கச்சி" என்பான். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, எதை முதலில் திறப்பது, எதைக் கடைசியில் மூடுவது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள் அண்ணி. ஒரு நாள் அவன் திணறுவதைப் பார்த்து அவள் போய் வால்வைத் திறந்தாள். அன்றோடு அது அவள் வேலை ஆகிவிட்டது. பதிவேட்டில் அவன் பெயர், பேனலில் அவள் கை. அண்ணியின் மகளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. இப்போது அந்தப் பெண் பள்ளியின் கடைசி வகுப்பில் இருக்கிறாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆபரேட்டர் தவிர வேறு யாரும் பேனலைத் தொடக் கூடாது என்பது விதி. அதனால் தலைமை அலுவலகத்திலிருந்து யாருடைய வண்டியாவது வந்தால், கேட்டில் வாட்ச்மேன் இரண்டு முறை விசில் ஊதுவார். ஊதியதும் ஆளாளுக்குத் தங்கள் காகித வேலைக்கு ஓடுவார்கள். கிடங்கில் தண்ணீருக்கு மருந்து கலக்குகிறவர் துப்புரவுப் பணியாளராகத் துடைப்பத்தை எடுப்பார். எங்கேயாவது நிழலில் படுத்திருக்கும் மாப்பிள்ளை சட்டையை உள்ளே செருகிக்கொண்டு வந்து பேனல் நாற்காலியில் விறைப்பாக உட்காருவான். அண்ணி பின்கதவு வழியாக வெளியேறி, பூவாளியை எடுத்துக்கொண்டு தொட்டிகளுக்கு முன்னால் நிற்பாள். வந்த அதிகாரி எல்லாம் சரியாக இருக்கிறது என்று டீ குடித்துவிட்டுப் போவார். வண்டி போனதும் மறுபடி எல்லோரும் இடம் மாறுவார்கள். நாடகத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் வேஷம் மாற்ற மாட்டார்கள். நான் ஜன்னலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். சிரிப்பாகத்தான் இருந்தது, அந்த ஆணை வருகிற வரைக்கும்.

ஆணையில் இரண்டு விஷயம். தோட்ட வேலைகளைத் தனியாருக்கு விடப்போகிறார்கள். ஆண்டு முடிவோடு தோட்டப் பணியிடங்கள் எல்லாம் ரத்து. அதே சமயம், நியமித்தது ஒரு தரத்தில், செய்வது மேல் தரத்து வேலை என்று இருக்கிறவர்கள் மனு கொடுக்கலாம். ஒரு கமிட்டி நேரில் வந்து பார்க்கும். உண்மை என்றால் அந்த மேல் தரத்திலேயே நிரந்தரமாக்குவார்கள். அண்ணிக்கு இரண்டே வழி. ஆபரேட்டர் ஆக வேண்டும், இல்லையென்றால் வேலையும் போய், இந்த இரண்டு அறையையும் காலி செய்துவிட்டுத் தெருவுக்கு வர வேண்டும்.

மனுவை எடுத்துக்கொண்டு இப்போதைய எஞ்சினியரிடம் போனாள். அவர் இளவயசுக்காரர், பயந்த சுபாவம். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாராம்.

"அம்மா, நீங்கதான் ஓட்டுறீங்கன்னு நான் எழுதிக் குடுத்தா, ஏன் ஓட்ட விட்டேன்னு என்னைக் கேப்பாங்க. என் வாயால நான் சொல்ல முடியாது. அவங்க வர்ற அன்னைக்கு நீங்க பேனல்ல இருங்க. அவங்க கண்ணாலயே பாத்துக்கட்டும். அன்னைக்கு மட்டும் விசில் கிடையாது, எல்லாருக்கும் சொல்லிடறேன்."

யோசித்துப் பாருங்கள். அவள் வேலையைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவர்களில் ஒருவர் வாயைத் திறந்தாலும் அவரே மாட்டிக்கொள்வார். அவளுடைய சாட்சி எல்லாம் அவர்களுடைய குற்றம்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. நான் கமிட்டித் தலைவி. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்காருவேன். மகள் எனக்குப் பக்கத்தில் கிளார்க்.

"என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்பேன்.

"பம்ப் ஓட்டுறேன் மேடம்."

"சத்தமா சொல்லுங்க. காதுல விழல."

"பம்ப் ஓட்டுறேன் மேடம்!"

"அத்தை, அம்மா மேடம்னு சொல்லும்போது முதுகு வளையுது" என்று மகள் திருத்துவாள்.

"வளையாம எப்படிடி மேடம்னு சொல்றது?" என்பாள் அண்ணி. சிரிப்போம். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. தூக்கத்தில் புரண்டு புரண்டு படுப்பாள். "ஏ வாயாடி, நீயே என் கூட வந்து நின்னு பேசிடேன்" என்று என்னிடம் ஒரு தரம் கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்த கமிட்டி காலையிலேயே வந்துவிட்டது.

நான் மெஷினில் இருந்தேன். கேட்டுக்கு வெளியே ஜீப் திரும்புவது தெரிந்தது. அண்ணி பேனலில்தான் இருக்கிறாள், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, விசில் கேட்டது. இரண்டு தரம். அந்தப் பாவி வாட்ச்மேன், ஊதக் கூடாது என்று அத்தனை தரம் சொல்லியும், வண்டியைக் கண்டதும் ஊதிவிட்டார். வேண்டுமென்று ஊதவில்லை. அவருடைய வாய் அவருக்கு முன்னால் ஊதிவிட்டது.

விசில் கேட்டதும் பம்ப் ரூமின் பின்கதவு திறந்தது. என் அண்ணி வெளியே வந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்து, தொட்டிக்குப் பக்கத்திலிருந்த பூவாளியை எடுத்தாள். "அண்ணி, வேண்டாம், உள்ள போங்க!" என்று கத்தினேன். பம்ப் சத்தத்தில் என் குரல் எங்கே கேட்கும்? கிடங்குக்காரர் துடைப்பத்தோடு நின்றார். மாப்பிள்ளை சட்டையைச் செருகிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஜீப் உள்ளே வந்து நின்றபோது நிலையம் காகிதத்தில் இருக்கிறபடியே அப்பழுக்கில்லாமல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு கச்சிதமாக என்றைக்கும் இடம் மாறியதில்லை.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா முதலில் இறங்கினார். அவர்தான் கமிட்டித் தலைவி. நேராக அண்ணியிடம் போனார். அங்கே நடந்ததை அண்ணி பிறகுதான் சொன்னாள்.

"நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"தோட்டம், மேடம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்கிறது. "இல்ல மேடம், நான் பம்ப்..." என்று ஆரம்பித்தாள். அந்த அம்மா பூவாளியைப் பார்த்தார். அது சாய்ந்து தண்ணீர் அண்ணியின் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. "செடியெல்லாம் நல்லா வச்சிருக்கீங்க" என்றார் அந்த அம்மா, அன்பாகவே. உள்ளே போனார். நாற்காலியில் மாப்பிள்ளை. எழுதிக்கொண்டார்கள். டீ குடித்தார்கள். போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் அண்ணி வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அழவில்லை. "என் கால்தான்டி போச்சு" என்றாள். "நான் போகல. சத்தியமா சொல்றேன், நான் போகல." எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் மேல் அல்ல. அப்படிப் பழக்கியவர்கள் மேல். கையில் கத்தரிக்கோல் இருந்தது, அதைத் தூக்கி எறிந்தேன். மகள் அதை எடுத்து மேசையில் வைத்தாள். சாயங்காலம் வாட்ச்மேன் வாசலில் வந்து நின்று மூக்கைச் சிந்தினார். "என்னைச் செருப்பால அடிங்கம்மா" என்றார். அடிக்கத்தான் நினைத்தேன். அண்ணி அவருக்கு டீ கொடுத்தாள்.

கமிட்டியின் முடிவு வந்தது. மேல் தரத்து வேலை செய்வதாகத் தெரியவில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் தலைமை அலுவலகத்தில் நேரில் சொல்லலாம் என்று கடைசி வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆட்சேப மனு கொடுக்க அண்ணியும் நானும் பஸ் ஏறினோம். இவ்வளவு வருஷத்தில் அவள் காலை வேளையில் பம்ப் ரூமை விட்டு அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். டேங்க் நிறைந்ததும் முதலில் வால்வை மெதுவாக மூட வேண்டும், அப்புறம்தான் மோட்டரை நிறுத்த வேண்டும். "இது தெரியாதா அக்கா எனக்கு?" என்றானாம்.

பாதி வழியில் போன் வந்தது. போனிலிருந்து அவன் அலறியது எனக்கே கேட்டது.

"அக்கா, இடி இடிக்குது அக்கா! குழாய் எல்லாம் ஆடுது!"

"வால்வை மூடினியா?"

"மோட்டரை நிறுத்திட்டேன்!"

"அட, வால்வை மூடினியான்னு கேட்டேன்!"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூடாமல் நிறுத்தியதால் மேலே ஏறின தண்ணீர் அத்தனையும் திரும்பி வந்து மோதியிருக்கிறது. கட்டடமே அதிர்ந்ததாகப் பிறகு மகள் சொன்னாள். மாப்பிள்ளை ஒரு செருப்பை உள்ளே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து, கேட் வரைக்கும் போய் நின்று போன் செய்திருக்கிறான். அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, திரும்ப உள்ளே போக மாட்டேன் என்று அடம் பிடித்தான். கடைசியில் கிடங்குக்காரர் போய் வால்வை மூடினார். நல்லவேளை, எதுவும் உடையவில்லை. நாங்கள் போய் மனுவைக் கொடுத்தோம்; விசாரணைக்கு எங்களையும் நிலையத்துக்காரர்களையும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் ஊரில் பாதித் தெருக்களுக்குத் தண்ணீர் இல்லை. மறுநாள் அவன் அண்ணி முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

நான் விடவில்லை. கிணற்றடியில் அவனைப் பிடித்தேன்.

"விசாரணை அன்னைக்கு உங்களையும் கூப்பிட்டிருக்காங்கல்ல? ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னா உங்க வாய் வெந்துடுமா?"

"தங்கச்சி, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. நான் ஓட்டலன்னு சொன்னா இத்தனை வருஷம் சம்பளம் எதுக்கு வாங்கினேன்னு கேப்பாங்கல்ல?"

"எதுக்கு வாங்கினீங்க?"

அவன் மென்று விழுங்கினான். வீட்டுக்கு வந்து, அவனைத் திட்டிக்கொண்டே தைத்ததில், ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடம் மாற்றித் தைத்துவிட்டேன்.

விசாரணைக்கு இன்னும் நாள் இருந்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். ஆண் துணை இல்லாத வீடா என்று கேட்டார்கள், தையல் மெஷின் சத்தம் வருமா என்று கேட்டார்கள். அண்ணியிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லாமல் ஒரு துணிக்கடையில் வேலை கேட்டுவிட்டு வந்திருந்தாள். மகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கொருவர் தைரியமாக நடித்தோம். அதுவும் எங்களுக்கு அந்த நிலையம் கற்றுக்கொடுத்ததுதான். இவ்வளவுக்கும் நடுவில் அண்ணி தினமும் விடியும்போது பம்ப் ரூமுக்குப் போனாள். "நீங்க யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க தண்ணிய அவங்களே விட்டுக்கட்டும். பேசாம வீட்ல உக்காருங்க" என்றேன். "நம்ம வீட்டுக் குழாயிலயும்தான்டி வராது" என்று போய்விட்டாள்.

விசாரணை நாள். தலைமை அலுவலகத்தின் நீளமான அறை, மேசைக்கு அந்தப் பக்கம் அதே கண்ணாடி அம்மா. இந்தப் பக்கம் நாற்காலிகளில் எஞ்சினியர், மாப்பிள்ளை, அண்ணி. கூட வந்தவர்கள் பின்னால் உட்காரலாம் என்றார்கள். உட்கார்ந்தேன். அண்ணியின் முதுகு எனக்கு நேராக இருந்தது. மேடம் என்று சொல்வதற்கு முன்பே அது வளைந்திருந்தது.

முதலில் எஞ்சினியரைக் கேட்டார்கள். நிர்வாகக் காரணங்களால், பணியாளர் பற்றாக்குறையால், சில சமயங்களில், தேவைப்பட்டபோது என்று அவர் வழவழவென்று பேசினார். எதைப் பிடித்தாலும் கையில் நிற்கவில்லை. அடுத்தது மாப்பிள்ளை.

"பேனலை ஓட்டுறது யாரு?"

அவன் எஞ்சினியரைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான்.

"நான்தான் மேடம்."

எழுந்து அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்று இருந்தது. அண்ணி அசையவே இல்லை. அந்த அம்மா தலையாட்டிக்கொண்டார்.

"பதிவேட்டுலயும் உங்க பேருதான் இருக்கு. நாங்க வந்தப்பவும் நீங்கதான் இருந்தீங்க. சரி. அப்ப இந்த ஆட்சேபத்துல ஒண்ணும் இல்ல." கிளார்க்கிடம் திரும்பி எழுதச் சொல்ல வாயெடுத்தவர், மாப்பிள்ளையிடம் சாதாரணமாகச் சொன்னார்: "தோட்டப் பணியிடம் எல்லாம் இந்த மாசத்தோட முடியுது. இனிமே நிலையத்துல ஆள் குறையும். காலை, மாலை ரெண்டு வேளையும் நீங்களே பாத்துக்க வேண்டியிருக்கும்."

"தனியாவா மேடம்?"

"ஏன்? இதுவரைக்கும் தனியாத்தானே பாத்தீங்க?"

அவன் சரி என்று தலையாட்டினான். ஆட்டிய தலை நிற்கவில்லை. நெற்றியில் வியர்வை கட்டியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"மேடம், ஒரு நிமிஷம். எழுதாதீங்க. அக்காவை அனுப்பிடாதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அன்னைக்கு ஒரு நாள் ஓட்டினேன், கட்டடமே இடிஞ்சு விழுற மாதிரி ஆயிடுச்சு. நான் உள்ள இருந்தா செத்துடுவேன் மேடம். இத்தனை வருஷமும் அக்காதான் ஓட்டுறாங்க. அந்த ஒரு நாளைத் தவிர நான் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்ல. என்னை என்ன வேணா பண்ணுங்க, அந்த ரூம்ல என்னைத் தனியா மட்டும் விட்டுடாதீங்க."

எஞ்சினியர் கண்ணை மூடிக்கொண்டார். நான் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் மாப்பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. நியாயம் சொல்வதற்காக அவன் எழுந்திருக்கவில்லை, பயந்து எழுந்தான். இருக்கட்டும். எங்களுக்கு அதுவரை நியாயத்தால் ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லை.

அந்த அம்மா அண்ணியிடம் திரும்பினார்.

"அப்ப அன்னைக்கு என்கிட்ட ஏம்மா தோட்டம்னு சொன்னீங்க?"

"வண்டி வந்தா அப்படித்தான் சொல்லணும் மேடம். அதான் பழக்கம்."

"யாரு வந்தாலுமா?"

"யாரு வந்தாலும் மேடம்."

"அப்ப இத்தனை வருஷமா நாங்க வந்து பாத்தது?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போயிட்டு வாங்க. ஆணை வரும்" என்றார். என்ன ஆணை என்று சொல்லவில்லை. ஒருவேளை எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிற ஆணையாகவும் இருக்கலாம். விதியை மீறி இத்தனை வருஷம் பேனலைத் தொட்டதாக அண்ணி மேலேயே வழக்கு வரலாம் என்று எஞ்சினியர் மாடிப்படியில் சொல்லிவிட்டுப் போனார். போகிறவர் சும்மா போயிருக்கலாம்.

அதற்குப் பிறகு தபால்காரர் கேட்டில் நின்றாலே எனக்கு நூல் அறுந்துவிடும். அண்ணி ஒரு நாள் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினாள், மறுநாள் எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தாள். மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது ஆணை வந்தது. அண்ணி கை துடைத்துக்கொண்டு வந்தாள். பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. மகள்தான் பிரித்தாள். மனதுக்குள் படித்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நானும் அண்ணியும் நெருப்பில் நிற்கிற மாதிரி நின்றோம்.

"ஆபரேட்டர்ம்மா" என்றாள். "நிரந்தரம்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன், அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டாள். அழுதோம், வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதோம். என்னவோ ஏதோ என்று வாட்ச்மேன் ஓடி வந்து எட்டிப் பார்த்து, அவரும் சேர்ந்து அழுதார்.

"மிச்சத்தையும் படி" என்றாள் அண்ணி.

மிச்சத்தைப் படித்தாள். ஆபரேட்டர் தரம் ஆணையின் தேதியிலிருந்து. அதற்கு முந்தைய காலம் முழுவதும் தோட்டப் பணியாகவே கருதப்படும். மாப்பிள்ளைக்குக் கண்டனம், ஒரு சம்பள உயர்வு நிறுத்தம். ஆனால் நிலையத்தின் மூத்த ஆபரேட்டராகத் தொடர்வார். மனுதாரர் இந்தப் பணிக்குப் புதியவர் என்பதால் ஆறு மாதம் பயிற்சிக் காலம். மூத்த ஆபரேட்டரின் மேற்பார்வையில் பணியைக் கற்றுக்கொண்டு, அவர் அளிக்கும் சான்றிதழின் பேரில்...

மகள் நிறுத்திவிட்டாள். "இது என்னம்மா அநியாயம்?" என்றாள். எனக்கு வாய் வரைக்கும் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அண்ணி ஆணையை வாங்கி அந்த வரியைத் தானே ஒரு தரம் படித்தாள்.

"அப்ப இத்தனை நாள் ஊருக்குத் தண்ணி விட்டது யாருடி?" என்று என்னைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்பது போலக் கேட்டாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தான். அவனுக்கும் ஒரு பிரதி வந்திருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, பேயறைந்தவன் மாதிரி விழித்தான்.

"அக்கா, நான் உங்களுக்குக் கத்துக்குடுக்கணுமாம்."

"ஆமா."

"என்ன கத்துக்குடுக்கணும்னு நீங்க சொல்லுங்கக்கா, கத்துக்குடுத்துடறேன். இல்லன்னா அந்தச் சர்டிபிகேட்டை இப்பவே எழுதிக் குடுத்துடறேன். எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

நான் சிரித்துவிட்டேன். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மேடம் என்று சொல்லும்போது வளைகிற அந்த முதுகு நேராக இருந்தது.

"அதெல்லாம் வேண்டாம். காலையில வெளுக்கும்போது பம்ப் ரூமுக்கு வா. செருப்பை இறுக்கிப் போட்டுட்டு வா."

"எதுக்குக்கா?"

"எனக்கு சர்டிபிகேட் குடுக்கிறவனுக்கு வேலை தெரிஞ்சிருக்கணும்."